பூனைக்குக் கண்டாங்கி கட்டியவர் யார்?

வாசகர் கேள்வி–பதில்: கைவேலைப் பக்கம்

தனியாக உட்கார்ந்து வரைந்து, பின்னி, வார்த்து, தாங்களே இணையத்தில் விற்கும் ஓவியர்களின் குறும்பு வேலைகளைப் பற்றி, செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: கண்டாங்கிச் சேலை கட்டிய பூனை ஒன்று திண்ணையில் உட்கார்ந்து சீயம் தின்கிற படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பெரிதாக அச்சிட்டு மாட்ட ஆசை. வரைந்தவர் பெயர் எங்கும் இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, கானாடுகாத்தான்

முதலில் படத்தை விரல்களால் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். கையெழுத்து வலது கீழ் மூலையில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வெட்டி எடுத்துப் பரப்புகிறவர்களுக்குப் பயந்து சேலை மடிப்பிலும் தூண் நிழலிலும் பெயரை ஒளித்து வைக்கிறவர்கள் நிறைய. அங்கே கிடைக்காவிட்டால் கூகுள் லென்ஸ். முழுப் படத்தையும் கொடுக்காமல், மேலே யாரோ ஒட்டிய ‘இனிய காலை வணக்கம்’, ரோஜாப்பூ எல்லாவற்றையும் விட்டு, பூனையை மட்டும் கட்டம் போட்டுத் தேடுங்கள். வாசகத்தோடு தேடினால் உலகத்திலுள்ள ரோஜாப்பூ எல்லாம்தான் வரும்.

அடுத்தது டின்ஐ (TinEye) என்ற தளம். படத்தை ஏற்றிவிட்டு முடிவுகளைப் ‘பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தலாம். முதலில் ஏற்றியவர்தான் வரைந்தவர் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேடல் அங்கேதான் தொடங்க வேண்டும். பின்டரெஸ்ட் பக்கம் வந்தால் அதோடு நிற்காதீர்கள். அங்கே பெரும்பாலும் யாரோ சேர்த்து வைத்த படம்தான் இருக்கும். அது சுட்டும் மூலப் பக்கத்துக்குப் போங்கள். படத்தைத் தரவிறக்கி கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவலைப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், வாட்ஸ்அப் வழியாக வரும்போதே அது உதிர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சரிபார்த்துவிடுங்கள்: அதை வரைந்த கை என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? கண்டாங்கியின் கட்டமே இதைக் காட்டிக்கொடுக்கும். மனிதர் வரைந்த கட்டம், கொசுவம் மடியும் இடத்தில் தானும் மடியும், முழங்கால் மேல் விரியும், அகலக் கரை இடுப்பைச் சுற்றிப் போய் மறுபக்கம் சரியான இடத்தில் வெளிவரும். செயற்கை நுண்ணறிவு செய்த படத்தில் கட்டம் பாதியில் காணாமல் போகும், கரை முந்தானைக்குள் கரையும், திண்ணைத் தூண்களில் ஒன்று தரையைத் தொடாமல் நிற்கும். ஓவியரின் பக்கத்தைக் கண்டுபிடித்ததும் பழைய பதிவுகளுக்குப் போங்கள். பென்சில் வரைவு, பாதி வண்ணம் பூசிய நிலை, இரண்டு வருடத்துக்கு முந்தைய கொஞ்சம் கோணலான பூனை, இவையெல்லாம் இருந்தால் ஆள் உண்மை.

கேள்வி: இப்படிக் குறும்பாக வரைகிற ஓவியர்களைத் தேடிப் பிடிக்க என்ன வார்த்தை போட வேண்டும்? ‘ஆர்ட்’ என்று போட்டால் சாமி படமும் சுவர்க் கடிகாரமும் வருகிறது.
— வாசகர், தேவகோட்டை

பொருளின் பெயரை விடுத்து, செய்முறையின் பெயரைப் போடுங்கள். லினோகட் (லினோலியத்தைச் செதுக்கி எடுக்கும் அச்சு), ரிசோ பிரின்ட், ஸ்க்ரீன் பிரின்ட், பாலிமர் களிமண், எனாமல் பின், குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்), காகிதக்கூழ் என்று தேடினால் கடைச்சரக்கு பாதி கழிந்துவிடும். அதோடு ஓர் ஊரையோ சாப்பாட்டையோ சேருங்கள்: ‘லினோகட் பரோட்டா’, ‘குரோஷே இட்லி’. சிரிக்காதீர்கள், இந்தத் துறையில் இப்படித்தான் தேட வேண்டும். பிடித்த ஓவியர் ஒருவர் கிடைத்துவிட்டால் பிறகு தேடல் பெட்டியே வேண்டாம். அவர் யாரைப் பின்தொடர்கிறார், யாருடைய வேலையைப் பகிர்கிறார் என்று பாருங்கள். குறும்பு வரைகிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள்.

சந்தைகளில் கடை போடுகிறவர்களின் பட்டியல் இன்னொரு நல்ல வழி. காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் திருவிழா 2024-இல் சென்னைக்கும் வந்தது. அதில் ஓவியர்களுக்கென்றே தனி வரிசை உண்டு. தேவகோட்டையிலிருந்து பயணம் போக வேண்டியதில்லை, பங்கேற்பவர் பெயர்களை வைத்து வீட்டிலிருந்தே தேடலாம்.

கேள்வி: ஒரே ஓவியரின் ஒரே படம். ஒன்று 250 ரூபாய், இன்னொன்று 1,800 ரூபாய். ஏமாற்றா?
— வாசகர், காரைக்குடி

இல்லை. 250 ரூபாய்க்கு வருவது அநேகமாக ஏ5 அளவு, அதாவது 148-க்கு 210 மில்லிமீட்டர், சாதாரண டிஜிட்டல் அச்சு. 1,800 ரூபாயில் ‘ஜிக்ளே’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிக்மென்ட் மையில், அமிலமில்லாத பருத்திக் காகிதத்தில் எடுக்கும் இங்க்ஜெட் அச்சு அது. நகல் கடைத் தாள் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) என்றால் இது 300-ஐ ஒட்டி இருக்கும். கையில் எடுத்தால் கல்யாணப் பத்திரிகை அட்டை போல நிற்கும். சாதாரணச் சாய மை வெயில் படும் அறையில் வெளுக்கும், பிக்மென்ட் மை பல மடங்கு நாள் தாங்கும்.

கீழே பென்சிலில் 7/50 என்று இருந்தால், 50 பிரதிகளில் ஏழாவது. ஏ/பி என்றால் ஓவியர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதி. எண் போட்டுவிட்டு, அதே அளவில் 51-வதை விற்கக் கூடாது என்பது தொழில் நாணயம். எண்ணே இல்லாமல் ‘லிமிடெட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை பிரதி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாதாரண அச்சுக்குரிய விலையைத்தான் கொடுக்கலாம்.

ரிசோ அச்சு (ஸ்டென்சில் வழியாக ஒவ்வொரு வண்ணமாக அடிப்பது) வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அந்த மை அரிசித் தவிட்டெண்ணெய் சேர்ந்தது, முழுவதும் காய்ந்து இறுகாது. கைபட்டால் ஈஷும். வண்ணம் ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை விலகியிருப்பது குறையல்ல, அதன் அழகே அதுதான். திருப்பி அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஆத்தங்குடித் தரைக் கல்லில் பூவுக்குப் பதில் ஒரு குறும்புப் பூனையை வார்த்துத் தருவார்களா? ஓவியரிடம் படம் வாங்கி, பட்டறையில் கொடுக்கலாம் என்று யோசனை.
— வாசகர், பள்ளத்தூர்

அருமையான யோசனை. செய்யலாம், ஆனால் படத்தை அப்படியே கொடுத்தால் பட்டறையில் தலையைச் சொறிவார்கள். கல் எப்படி உருவாகிறது என்று ஓவியருக்கு முதலில் சொல்லுங்கள். ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் சட்டம். சட்டத்துக்குள் தகட்டால் செய்த பூ அச்சு. அச்சின் அறை ஒவ்வொன்றிலும் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றி, அச்சை ஆடாமல் நேரே மேலே தூக்குவார்கள். மேலே உலர்ந்த சிமென்ட்–மணல் தூவி ஈரத்தை உறிஞ்ச வைத்து, பிறகு சிமென்ட் கலவை நிரப்பி மட்டம் தட்டி, இறுகியதும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைப்பார்கள். சூளை கிடையாது. பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுப்பது.

இதிலிருந்து மூன்று கட்டுப்பாடுகள் வருகின்றன. படத்தின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கீழே கிடக்கிறது. ஆகவே இடம் வலமாகும். பூனை வாசலைப் பார்க்க வேண்டுமானால் அச்சில் அது புழக்கடையைப் பார்க்க வேண்டும். எழுத்து இருந்தால் கட்டாயம் திருப்பி வெட்ட வேண்டும். அடுத்து, மீசை. மெல்லிய கோட்டுக்கு அறை வைக்க முடியாது; தகட்டைத் தூக்கும் நொடியில் இரு பக்க நிறமும் அதை விழுங்கிவிடும். எட்டுக்கு எட்டு அங்குலக் கல்லில் விரலகலத்துக்குக் குறைந்த பகுதி எதுவும் வேண்டாம். மீசை இல்லாத பூனைதான், அல்லது தடித்த இரண்டே மீசை. மூன்றாவது, நிறம்: ஒரு கல்லுக்கு நான்கைந்து போதும். சிமென்ட்டோடு கலக்கும் ஆக்சைடு நிறங்களில் செம்மண் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் நன்றாக நிற்கும். போன் திரையில் பார்த்த மின்னுகிற ரோஜா நிறத்தை எதிர்பார்க்காதீர்கள்.

புது அச்சுக்குத் தனிக் கூலி உண்டு. ஒரே ஒரு கல்லுக்காக அதைச் செய்தால் கல்லின் விலை அபத்தமாகும். முகப்பில் ஒரு வரிசையாவது போடுகிற எண்ணமிருந்தால்தான் கட்டுப்படியாகும். வந்த பிறகு எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், கழிவறை ஆசிட் மூன்றும் ஆகாது. சிமென்ட்டை அமிலம் அரித்து மங்கல் வட்டம் விழும், துடைத்தால் போகாது. தண்ணீரில் துடைத்து, எப்போதாவது துணியில் துளித் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும். வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவதானால் கற்களைப் படுக்க வைக்காமல் தட்டு அடுக்குவது போல் நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சின்ன இட்லித்தட்டு, பணியாரச் சட்டி காந்தம் வாங்கினேன். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி ஈரத்துணியால் துடைத்ததும் குழைந்துவிட்டது.
— வாசகி, புதுவயல்

காற்றில் காயும் களிமண்ணில் செய்தது, மேல்பூச்சும் சரியில்லை. வாங்கும் முன் ‘சுட்டதா, காற்றில் உலர்ந்ததா’ என்று கேளுங்கள். பாலிமர் களிமண்ணை ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் சுடுவார்கள். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. அளவையும் கேளுங்கள். படத்தில் பெரிதாகத் தெரிந்த பணியாரச் சட்டி கையில் வந்ததும் சட்டைப் பொத்தானாக இருக்கும். தீப்பெட்டி பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் நல்ல ஓவியர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஓலைக் கிளியும் ஓலை மீனும் தபாலில் நசுங்கி வந்தன. தூக்கிப் போட்டுவிடலாமா?
— வாசகி, கோட்டையூர்

வேண்டாம் ஆச்சி. பனையோலை ஈரத்துக்கு இளகும். ஈரத்துணியைப் பிழிந்து, அதில் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். பிறகு மடிப்பை விரலால் நிமிர்த்தி, வயிற்றுக்குள் பஞ்சோ காகிதமோ அடைத்து நிழலில் காய விடுங்கள். சாயம் போட்ட ஓலையானால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டினால் துணியில் சுற்றாமல் ஆவியில் மட்டும் காட்டுங்கள். ஓலைக்கூடையான கொட்டானுக்கும் இதே வைத்தியம்தான். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் சற்று நேரம் வையுங்கள். உச்சிவெயிலில் விட்டால் வெளுக்கும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க ஐயா விடமாட்டார். வாங்கிய படங்களை எங்கே மாட்டுவது?
— வாசகர், கண்டனூர்

ஐயா சொல்வது சரி. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது. ஆணி இறங்கினால் துளை மட்டும் விழாது, சுற்றிலும் தகடு தகடாகப் பெயரும். அதே பளபளப்பில் ஒட்டு போட இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். இருபக்கம் ஒட்டும் டேப்பும் வேண்டாம், கழற்றும்போது மெருகையும் சேர்த்து உரிக்கும். முன்னோர் படம் மாட்டிய பழைய ஆணிகள் இருந்தால் அவையே போதும். இல்லாவிட்டால் கதவு நிலை, சன்னல் சட்டம், மர உத்தரத்திலிருந்து கயிறு. திறந்த முற்றமுள்ள வளவில் மட்டும் வேண்டாம், சாரல் அடிக்கும்.

சட்டம் போடுகிறவரிடம் படம் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மைதாப் பசை கூடவே கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடானால், பூட்டும் முன் படங்களைக் கழற்றி உங்களோடு எடுத்துப் போய்விடுங்கள்.

கேள்வி: பலகாரக் கடை வைத்திருக்கிறேன். ஓர் ஓவியரிடம் 3,000 ரூபாய்க்கு மூல ஓவியமே வாங்கினேன். அதை முறுக்கு டப்பாவில் அச்சடிக்கலாம்தானே?
— வாசகர், காரைக்குடி

முடியாது. உங்களுக்குச் சொந்தமானது காகிதமும் வண்ணமும்தான். பதிப்புரிமை 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓவியரிடமே இருக்கிறது, அவர் வாழ்நாளுக்குப் பிறகு 60 ஆண்டு வரை. டப்பாவுக்கு வேண்டுமானால் எழுத்தில் உரிமம் வாங்குங்கள்: எந்தப் பொருளுக்கு, எத்தனை டப்பா, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு தொகை. காலம் எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அதிரசம் அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். நீங்களே பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு விதி வேறு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை உங்களுக்கு வரும். எதுவானாலும் வரையத் தொடங்குமுன் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பேரம் பேசலாமா?
— வாசகி, செட்டிநாடு

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசாமல் வாங்கினால் சாமானுக்கே வருத்தம் வரும். இங்கே அப்படியில்லை. ஒரு கையளவு குரோஷே பொம்மை பின்னச் சில மணி நேரம் பிடிக்கும், நூல் விலை, பெட்டி விலை, ஸ்பீட் போஸ்ட் கட்டணம் எல்லாம் போக அவருக்கு நிற்பது கொஞ்சம். விலையைக் குறைக்கச் சொல்லாமல் வேறு விதமாகக் கேளுங்கள்: ‘செகண்ட்ஸ்’ இருக்கிறதா? சின்னக் கீறல், நிறப்பிசகு உள்ளவற்றைப் பலர் குறைத்து விற்பார்கள். மூன்றாக வாங்கினால் ஒரே பார்சலில் போடுவீர்களா? சட்டமில்லாமல் தருவீர்களா? எட்ஸி என்ற இணையச் சந்தையில் கடை வைத்திருப்பவருக்குச் சொந்தத் தளமும் இருந்தால் அங்கே வாங்குங்கள். எட்ஸி ஒவ்வொரு விற்பனையிலும் 6.5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வெளிநாட்டு ஓவியரானால், தபால்காரர் கொண்டுவரும்போது சுங்கவரியும் கட்ட நேரும். ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கள்’ என்ற பழைய யோசனை 2019 டிசம்பரோடு செல்லாமல் போனது.

கேள்வி: பிடித்த ஓவியர் பெயரில் ‘பாதி விலை, இன்று மட்டும்’ என்று இன்ஸ்டாகிராமில் செய்தி வந்தது. பணம் அனுப்பலாமா?
— வாசகர், நாட்டரசன்கோட்டை

பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து கூடுதலாகவோ அடிக்கோடு ஒன்று சேர்ந்தோ இருக்கும். அந்தப் பக்கத்தின் மேல் மூன்று புள்ளியை அழுத்தி ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்பதைத் திறந்தால் எந்த மாதம் தொடங்கியது என்று காட்டும். ஐந்து வருடமாக வரைகிறவரின் கணக்கு போன மாதம் பிறந்திருக்காது. யுபிஐயில் பணம் போடுமுன் திரையில் வரும் பெயரையும் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பிறகு உண்மையான ஓவியருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள், தன் பூனையை வைத்து யாரோ கடை நடத்துவது அவருக்குத் தெரிந்திருக்காது.