தனிப்பாணி அமையவில்லையே என்று வருந்தும் ஓவிய மாணவிக்கும் அவர் தந்தைக்கும்

அன்புள்ள மாணவிக்கு வணக்கம்.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவின் மூன்றாம் ஆண்டில் படிக்கும் நீங்கள், வகுப்புத் தோழர்கள் ஆளுக்கொரு பாணியைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள் என்றும், உங்கள் படங்கள் மட்டும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றும், "இந்தப் படத்தில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டது மனத்தை விட்டு அகலவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அக்கடிதத்துடன் உங்கள் தந்தையார் தனியே ஒரு தாள் இணைத்து, நான்காண்டுப் படிப்பு முடிந்தபின் பெண் எந்த வேலைக்குப் போவாள் என்று கேட்டிருக்கிறார். இரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஆண்டில் தனிப்பாணி அமையாதிருப்பது இயல்பான நிலை. பிறருக்கு அமைந்துவிட்டதாக நீங்கள் நினைப்பவற்றுள் பெரும்பகுதி மேற்பரப்பைச் சார்ந்தது. ஒருவர் எல்லா முகங்களுக்கும் கண்ணை நீட்டி வரைகிறார். இன்னொருவர் எல்லாக் கேன்வாஸிலும் பேலட் நைஃப் என்னும் தட்டைக் கத்தியால் வண்ணத்தைத் தடிமனாக இழுக்கிறார். வேறொருவர் எதை வரைந்தாலும் பின்னணியில் கோலப்புள்ளிகளை வைக்கிறார். இவையெல்லாம் பழகிப் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் கண்ணை ஏன் நீட்டினோம் என்பதற்கு வரைபவருக்குள் ஒரு காரணம் பிறக்காதவரை, அது எவரும் இரவல் வாங்கக்கூடிய உத்தியாகவே இருக்கும். ஆண்டிறுதிக் காட்சியில் எளிதாக அடையாளம் தெரியும் என்பதற்காக அதையே நிலைப்படுத்திக்கொண்டவர்கள், அடுத்துக் கற்க வேண்டியவற்றைக் கற்காமலே படிப்பை முடித்துவிடுவதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன்.

உங்கள் கல்லூரியின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், இளமையில் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, 1936-இல்தான் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இக்கல்லூரியில், அது கலைப்பள்ளியாக இருந்த நாளில், மாணவராகச் சேர்ந்தார். நீர்வண்ண நிலக்காட்சிகளில் கைதேர்ந்தவர் என்ற பெயர் அவருக்கு முதலில் வந்தது. பிறகு மனித உருவங்களுக்குப் போனார். 1957-இல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். இன்று பணிக்கர் என்றதும் நம் நினைவுக்கு வருகிற, படிக்க முடியாத எழுத்துவரிசைகளும் சாதகக் கட்டம் போன்ற வரைவுகளும் கணிதக் குறிகளும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையை அவர் தொடங்கியது 1963-இல். அப்போது அவருக்கு வயது 52. அந்த வரிசையின் அடக்கமான வண்ணத்தையும் ஒழுங்கான இடைவெளியையும் பார்க்கும்போது, நிலக்காட்சி வரைந்த ஆண்டுகளில் அந்தக் கை கற்றது எதுவும் வீணாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓவியர் ஆதிமூலத்தின் கதை வேறு விதமானது. 1960-களில் அதே வளாகத்தில் பயின்ற அவர், காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த கருப்பு வெள்ளைக் காந்தி ஓவியங்களால் கோட்டுக்கென்றே பெயர் பெற்றார். தமிழ்ச் சிற்றிதழ்களிலும் நூல்களின் அட்டையிலும் அவருடைய கோட்டோவியங்களைப் பார்த்துப் பழகிய வாசகர்கள் பலர். அப்படி நிலைத்துவிட்ட அடையாளத்தை வைத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருக்கலாம்; அவரோ பின்னாளில் எண்ணெய் வண்ணத்தில் உருவமற்ற பெரிய பரப்புகளை நோக்கிப் போனார். ஒருவருக்குத் தனிப்பாணி 52 வயதில் வந்தது. மற்றவருக்கு முப்பது வயதையொட்டி வந்து, பிறகு மாறியது. ஆகவே 20 வயதில் நீங்கள் மாறிக்கொண்டிருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம்.

இனி, செய்ய வேண்டியது என்ன என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது ஒன்றுண்டு. நீங்கள் பாணியை மட்டும் மாற்றவில்லை. பொருள், ஊடகம், அளவு, வண்ணம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறீர்கள். சென்ற மாதம் அக்ரிலிக்கில் பேருந்து நிலையம், இந்த மாதம் சார்கோலில் பாட்டியின் முகம், அடுத்து எண்ணெய் வண்ணத்தில் ஏதோ ஓர் அருவக் காட்சி என்று போனால், உங்கள் கையின் இயல்பு எது என்பது உங்களுக்கே தெரிய வழியில்லை. இந்த நான்கையும் மாற்றாமல் வைத்து, வரையும் விதத்தை மட்டும் மாறவிட வேண்டும்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் செம்பும் மடித்த துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் ஒயிட் (வெள்ளை), அல்ட்ராமரைன் புளூ (அடர்நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) ஆகிய மூன்று ட்யூப்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே அளவுள்ள சிறிய பலகைகளில் அந்தச் செம்பைத் திரும்பத் திரும்ப வரையுங்கள். நீலமும் சியன்னாவும் சமமாகக் கலக்குமிடத்தில் கருப்புக்கு நெருங்கிய ஓர் அடர்நிறம் கிடைக்கும். அதில் வெள்ளை சேரச் சேரச் சாம்பல் நிறங்கள் பிறக்கும். சியன்னா மிகுந்தால் வெதுவெதுப்பான சாம்பல், நீலம் மிகுந்தால் குளிர்ந்த சாம்பல். ஆனால் பித்தளையின் மஞ்சள் மட்டும் இந்த மூன்றில் எப்படிக் கலக்கினாலும் வராது. அங்கேதான் பயிற்சி தொடங்குகிறது. இல்லாத மஞ்சளுக்கு ஈடாக ஒருவர் செம்பைச் சுற்றியுள்ள நிழலை நீலமாக்கிச் செம்பை வெதுவெதுப்பாகக் காட்டுவார். ஒருவர் நிறத்தையே கைவிட்டு, விளிம்பில் விழும் வெளிச்சப்புள்ளியைக் கூர்மையாக்கி உலோகத்தை உணர்த்துவார். இன்னொருவருக்குச் செம்பை விடத் துண்டின் மடிப்பே முக்கியமாகிவிடும். இவற்றுள் நீங்கள் எதைச் செய்கிறீர்கள் என்று எவரும் சொல்லித்தர முடியாது. ஆறேழு பலகைகள் முடிந்தபின் அவற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தால், நீங்கள் நினைக்காமலே திரும்பத் திரும்பச் செய்திருப்பது கண்ணில் படும். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அதுவே.

ஒரே பொருளை விடாமல் வரைவதன் பயனைக் காண விரும்பினால் டச்சு ஓவியர் மோன்ட்ரியானின் மரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1908-க்கும் 1912-க்கும் இடையில் அவர் வரைந்த சிவப்பு மரம், சாம்பல் மரம், பூத்த ஆப்பிள் மரம் ஆகிய மூன்றிலும் கிளைகள் படிப்படியாக வளைகோடுகளாகவும், கிளைகளுக்கிடையிலான வெளி தனித்தனி வடிவங்களாகவும் மாறுவது தெரியும். செங்குத்தும் கிடையுமான கோடுகளும் மூன்று முதன்மை வண்ணங்களும் கொண்ட அவருடைய புகழ்பெற்ற ஓவியங்கள் 1920-களில் வந்தவை. மரத்தை அத்தனை முறை வரையாதிருந்தால் அந்தக் கோடுகள் வந்திருக்குமா என்பது ஐயமே.

பிறர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தால் தனித்தன்மை போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. வான்கோ 1889-90-இல் சான் ரெமி மருத்துவமனையில் இருந்தபோது, தாம் பெரிதும் மதித்த பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவர் கையில் இருந்தவை வண்ணமற்ற அச்சுப்படிகள். உருவத்தை மில்லேயிடமிருந்து எடுத்துக்கொண்டார். வண்ணத்தைத் தாமே தேடிப் போட வேண்டியிருந்தது. அந்த வயலையும் வானத்தையும் பார்க்கும் எவரும் அவற்றை மில்லே வரைந்தவை என்று சொல்லமாட்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். கைப்பேசியில் உள்ள படத்தை விடுங்கள். கல்லூரிக்கு அருகிலேயே எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் ஸ்கெட்ச் புக்குடன் நின்று வரையுங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரு கைகள், இடப்பக்கம் உமைக்கு ஒரு கை. ஒரு தோளிலிருந்து இறங்கும் கோடு நேராகப் போக, மறுபக்கத்துக் கோடு இடையில் உள்வாங்கி இடுப்பில் புடைத்து இறங்குகிறது. ஒரே உடலில் இரண்டு வகைக் கோடுகளை இத்தனை இயல்பாகச் சேர்த்த சிற்பியிடம் கற்பது ஒருநாளும் உங்களைச் சிறுமைப்படுத்தாது.

சமூக ஊடகத்தில் ஒரே மாதிரியான படங்களைப் பதிவிடுபவர்களுக்கே பின்தொடர்வோர் சேர்கிறார்கள் என்பது உண்மைதான். படிக்கும் காலத்தில் அந்தக் கணக்கைப் பார்த்து வரைய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பதிவிட விரும்பினால் பயிற்சிப் படங்களையும் பதிவிடுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி உங்கள் தந்தையாருக்கு.

ஐயா, தங்கள் கவலை நியாயமானது. மாதச் சம்பளம் தரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிப்பாணி தேவையே இல்லை என்பதைத் தாங்கள் அறிந்தால் அந்தக் கவலை சற்றுக் குறையும். அனிமேஷன் நிறுவனத்திலும் கணினி விளையாட்டு நிறுவனத்திலும் அந்தந்தப் படைப்புக்கென வகுத்த பாணியில் வரையத் தெரிந்தவரையே எடுப்பார்கள். உடற்கூறு, ஒளிநிழல், பார்வைக்கோணம் ஆகியவற்றில் பிழையில்லாத கை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். துணி வடிவமைப்பிலும் அப்படியே. சிறார் நூல் பதிப்பில் நிலைமை வேறு. தாரா புக்ஸ், தூலிகா போன்ற பதிப்பகங்கள் சென்னையிலேயே இயங்குகின்றன. அத்துறையில் ஓவியரின் சொந்தக் கைக்கு மதிப்புண்டு. கல்லூரி ஆசிரியப் பணிக்கு எம்.எஃப்.ஏ. என்னும் கவின்கலை முதுநிலைப் பட்டமும், காட்சிக்கலைப் பாடத்தில் நெட் போன்ற ஆசிரியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பொதுவாக வேண்டும். கண்காட்சி வைத்து விற்று வாழும் ஓவியருக்கே தனிப்பாணி இன்றியமையாதது. அந்த வழியில் வருமானம் சீராக வரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை வழங்கும் திட்டம் வைத்திருக்கிறது. காட்சிக்கலையும் அதில் அடங்கும். அறிவிப்பு வரும்போது தவறாமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் தங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உறவினர் முன்னிலையில் பெண்ணின் படத்தைக் காட்டி, "இது என்ன, யாருக்குப் புரியும்?" என்று கேட்காதீர்கள். அவள் கடிதத்தில் அந்த வரி இருந்தது.

மீண்டும் மாணவிக்கு: இந்தக் காரணங்களால் இரண்டு போர்ட்ஃபோலியோக்களை, அதாவது படத் தொகுப்புகளை, தனித்தனியே தயாரிக்கத் தொடங்குங்கள். ஒன்றில் லைஃப் ஸ்டடி (ஆளை நேரில் பார்த்து வரைவது), போர்ட்ரெய்ட் (முக ஓவியம்), ஸ்டில் லைஃப் (பொருள்களை வரைவது), அவுட்டோர் ஸ்கெட்ச் (வெளியிடக் கோட்டோவியம்) என்று உங்கள் திறமையின் அகலம் தெரிய வேண்டும். வேலைக்குப் போகும்போது அதைக் கொண்டு செல்லுங்கள். மற்றொன்றில் ஒரே தேடலைத் தொடர்ந்த படங்கள் மட்டும் இருக்கட்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் ஆகிய இடங்களில் எம்.எஃப்.ஏ. சேர விண்ணப்பித்தால், தேர்வுக் குழுவினர் இந்த இரண்டாவதைத்தான் நின்று பார்ப்பார்கள். எந்தப் படத்திலிருந்து எந்தப் படம் பிறந்தது என்று கேட்பார்கள். ஆகவே சரியாக வராத படங்களைக் கிழித்துவிடாதீர்கள், அவற்றின் மேல் வேறு படம் வரையவும் வேண்டாம். ஒவ்வொன்றின் பின்புறமும் ஊடகம், அளவு, தேதி ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள். புகைப்படம் எடுப்பதானால், வெயில் நேராக விழாத முற்பகல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர் எதிரே நின்று எடுங்கள். செம்பு வரிசையில் முதல் ஆறு பலகைகள் முடிந்ததும் அப்படி எடுத்த படங்களை எனக்கு அனுப்புங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, நான்காம் ஆண்டுக்கு என்ன பொருளை எடுக்கலாம் என்பதைப் பேசுவோம்.