கொழும்பு வீட்டு மேசையில் 1/700 போர்க்கப்பல்: எதை முதலில் செய்வது, எது எங்கே பிழைக்கும்?

கேள்வி: நுணுக்கமான போர்க்கப்பல் மாதிரி ஒன்றைச் செய்ய ஆசை. கார், விமானக் கிட் சில ஒட்டிப் பழக்கம் உண்டு. கொழும்பில் இருந்துகொண்டு எந்தக் கப்பலில் தொடங்கலாம், என்ன சாமான் வேண்டும், எங்கே பிழைக்கும்?

பதில்:

விமானக் கிட் ஒட்டியவருக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கும். கப்பலில் பெரும்பாலான பிழைகள் கையால் வருவதில்லை, வேலையின் வரிசையால் வருகின்றன. விமானத்தை முழுக்க ஒட்டிவிட்டு வர்ணம் அடிக்கலாம். கப்பலை அப்படி ஒட்டினால் புகைபோக்கிகளுக்கு நடுவில் உள்ள தளத்துக்குத் தூரிகை போகாது. போக வைத்தால் பக்கத்தில் நிற்கும் பாரந்தூக்கி முறியும். ஆகவே கிட்டோடு வரும் வழிகாட்டித் தாளின் இலக்கங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். தாளை முழுவதும் வாசியுங்கள். எது எப்போது ஒட்டப்பட வேண்டும், எதற்கு ஒட்டும் முன்னரே வர்ணம் அடிக்க வேண்டும் என்று உங்கள் வரிசையைப் பென்சிலால் அதன் ஓரத்தில் எழுதுங்கள். கீழிருந்து மேலே, நடுவிலிருந்து விளிம்புக்கு என்பதுதான் அடிப்படை. விளிம்பில் நிற்கும் கைப்பிடிக் கம்பியும் உச்சியில் ஓடும் கயிறும் எப்போதும் கடைசி.

கப்பல் தெரிவில் என் பரிந்துரை 1/700 அளவில் (உண்மைக் கப்பலின் 700இல் ஒரு பங்கு) ஒரு குரூசர், அதாவது நடுத்தரப் போர்க்கப்பல். யமாட்டோ, பிஸ்மார்க் போன்ற பெரும் போர்க்கப்பல்களில் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 1/350 அளவில் அவை 70 செ.மீ.க்கு மேல் நீளம். வர்ணம் காய வைக்கவே வீட்டில் இடம் தேட வேண்டிவரும். ஜப்பானிய அயோஷிமா நிறுவனத்தின் 1/700 கிட்களில் எச்.எம்.எஸ். டோர்செட்ஷயர் உண்டு. நமக்கு நெருக்கமான கப்பல் அது. 1941 மே 27இல் பிஸ்மார்க்கை டோர்ப்பிடோவால் தாக்கிய அதே கப்பல், 1942 ஏப்ரல் 4ஆம் திகதி இரவு கொழும்பிலிருந்து புறப்பட்டு, மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைக்குத் தென்மேற்கே ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் கோர்ன்வோல் என்ற குரூசருடன் சேர்ந்து மூழ்கியது. அன்று காலை கொழும்புத் துறைமுகமே குண்டுவீச்சுக்கு உள்ளானது. வேலைக்கும் தோதான கப்பல்: இரட்டைக் குழல் கொண்ட 8 அங்குலப் பீரங்கிக் கோபுரங்கள் நான்கு, மூன்று புகைபோக்கிகள், இரண்டு கொடிமரங்கள், ஒரு வால்ரஸ் கடல் விமானம். நுணுக்கம் காட்ட இடம் நிறைய உண்டு, ஆனால் நீளம் 27.5 செ.மீ. மட்டுமே.

கிட்டைத் திறக்கும் முன் திகதியைத் தீர்மானியுங்கள். அதே கப்பல் 1937இல் ஒரு தோற்றம், 1941இல் இன்னொரு தோற்றம். விமான எதிர்ப்புப் பீரங்கிகள் கூடியிருக்கும், வர்ணம் மாறியிருக்கும். லண்டன் இம்பீரியல் வோர் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் பிரித்தானியக் கடற்படையான ராயல் நேவியின் கப்பல் படங்கள் ஏராளம். பெட்டியின் மேலுள்ள ஓவியத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

சாமான்களில் பலவற்றை உள்ளூரிலேயே எடுக்கலாம். நீர் ஊற்றித் தேய்க்கும் அரத்தாள் 400, 600, 1000, 2000 என்று பஞ்சிகாவத்தையில் வாகன வர்ணம் விற்கும் கடைகளில் தாள் கணக்கில் வாங்கலாம். கூர்முனைச் சாமணமும் சிறு வெட்டுக்குறடும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில், கைத்தொலைபேசி திருத்துவோருக்கு விற்கும் கருவிகளோடு இருக்கும். கத்திக்கு 11ஆம் இலக்கச் சத்திரசிகிச்சை அலகும் 3ஆம் இலக்கப் பிடியும் மருத்துவ உபகரணக் கடைகளில் கேளுங்கள். பொழுதுபோக்குக் கத்தியைவிட இது மெல்லிசு. பாகங்கள் கோத்து வரும் கிட் சட்டகத்தில் இருந்து 1 மி.மீ. பாகத்தை முறிக்காமல் பிரிக்க இதுதான் உதவும். ஆனால் பக்கவாட்டில் வளைத்தால் நுனி தெறித்துக் கண்ணுக்கு வரும், கண்ணாடி போடாமல் பாவிக்க வேண்டாம். கிட், பித்தளை உதிரிகள், உலோகப் பீரங்கிக் குழல்கள் ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் பசையையும் லாக்கர் வர்ணத்தையும் அதே பொதியில் கேட்காதீர்கள். தீப்பற்றும் திரவங்களை விமானத் தபால் ஏற்காது. அவற்றை இங்கே கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து பாகம் பிரிவதற்காகப் பூசிய எண்ணெய் பிளாஸ்டிக்கில் இருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரில் சட்டகங்களை மெதுவாகத் தேய்த்து நிழலில் உலர விடுங்கள். அதன்பின் உடலைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். அணியமோ (முன்முனை) பின்பக்கமோ கண்ணாடியைத் தொடாமல் தூக்கி நின்றால் வளைவு இருக்கிறது. குழாய் நீரும் கொதிநீரும் கலந்து, கை வைத்தால் சுடும் அளவு சூட்டில் சில நிமிடம் அமிழ்த்தி, கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி ஆற விடுங்கள். கொதிக்கும் நீரை நேரே ஊற்றினால் பிளாஸ்டிக் இளகி வேறு பக்கம் கோணும்.

தளத்தை ஒட்டி மூடும் முன் உடலுக்குள் 3 மி.மீ. நட்டு இரண்டை எபொக்சியால் ஒட்டி, அடித்தட்டில் அவற்றுக்கு நேரே துளை இடுங்கள். ஒரு மரக்கட்டையின் அடியிலிருந்து அந்த நட்டுகளுக்குள் திருகாணியை முறுக்கினால் கப்பல் கட்டையில் அசையாமல் நிற்கும். வேலை முடியும்வரை விரல் கட்டையை மட்டுமே தொட வேண்டும். கம்பி ஒட்டிய கப்பலை உடலில் பிடித்துத் தூக்குவதுதான் பலரின் வேலையைக் கடைசி வாரத்தில் கெடுக்கிறது.

1/700 என்றால் மேசையில் 1 மி.மீ. உண்மையில் 70 செ.மீ. இந்தக் கணக்கை ஒவ்வொரு பாகத்திலும் போட்டுப் பாருங்கள். 8 அங்குலப் பீரங்கியின் வாய் 203 மி.மீ.; அளவில் அது 0.29 மி.மீ. ஆகவே குழல் முனையைத் துளைக்க 0.3 மி.மீ. துளையூசி போதும். அதற்கு முன் ஊசி நுனியால் நடுவில் ஒரு புள்ளி குத்தாவிட்டால் துளையூசி வழுக்கி ஓரத்தைத் தின்னும். வால்ரஸ் விமானம் 16 மி.மீ. நீளம். கைப்பிடிக் கம்பியின் உயரம் ஏறத்தாழ 1.5 மி.மீ. இதே கணக்கால்தான் கிட்டில் வரும் பிளாஸ்டிக் பாரந்தூக்கியும் கொடிமரமும் தடிப்பாகத் தெரிகின்றன. அவற்றைப் பித்தளைக் கம்பியால் மாற்றினாலே கப்பலின் முகம் மாறிவிடும்; முழு ஃபோட்டோ எட்ச் (மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த நுண்பாகங்கள்) தொகுதி வாங்க வசதியில்லாதவர் கொடிமரம், குழல், கைப்பிடிக் கம்பி இந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதும்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பித்தளைத் தகட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, சட்டத்தில் இருக்கும்போதே பிரைமரும் சாம்பல் வர்ணமும் தெளியுங்கள். பின் ஒரு பீங்கான் டைல் மேல் வைத்துப் புதிய அலகால் வெட்டுங்கள். மென்மையான வெட்டுப்பாயில் வெட்டினால் தகடு அமிழ்ந்து வளையும். அணியத்தின் வளைவுக்குப் போகும் துண்டை வர்ணம் பூசும் முன்னரே பிரித்து, லைட்டர் சுடரில் ஓரிரு விநாடி காட்டி மங்கிய சிவப்பு வந்ததும் எடுங்கள். பித்தளை இளகி, விரலால் தடவினாலே வளையும். நீளத்தை அளவுகோலால் அளக்க முயலாதீர்கள். மெல்லிய கடதாசிக் கீலத்தைத் தளத்தின் ஓரமாகப் படுக்க வைத்து, கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் நிறுத்துகம்பி வரும் இடங்களைக் குறித்து, அதன்படி 3 முதல் 4 செ.மீ. துண்டுகளாக, நிறுத்துகம்பி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள். நீளத் துண்டாக ஒட்டினால் ஒரு முனையில் 0.2 மி.மீ. பிசகு மறு முனையில் தளத்தை விட்டு வெளியே நிற்கும். நீர் சற்றுக் கலந்த வெள்ளைப் பசையைத் தளத்தின் விளிம்பில் நூல் போல இழுத்து, கம்பியைச் சாமணத்தால் வைத்து நிமிர்த்துங்கள். அது இறுகுமுன் நகர்த்தித் திருத்த அவகாசம் கிடைக்கும். நிமிர்ந்த பின், இரண்டு முனைகளிலும் ஊசிமுனை அளவு சுப்பர் குளூ வைத்து உறுதிப்படுத்துங்கள்.

சுப்பர் குளூ ஈரத்தால் இறுகும் பசை. கொழும்பு ஈரப்பதத்தில் அது வேகமாகப் பிடிக்கும், கூடவே ஆவி படிந்து வர்ணத்தின் மேல் வெள்ளைப் படலம் விடும். மூடிய பெட்டிக்குள் ஒட்டிய பாகத்தை வைத்தால் இந்தப் படலம் நிச்சயம். மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டு, பசையைக் குறைத்துப் பாவியுங்கள். மெல்லிய படலம் கடைசியில் மினுக்கமற்ற மட் வானிஷ் பூசும்போது மறையும். போத்தலை சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரமுன் திறந்தால் உள்ளே நீர்த்துளி படிந்து முழுப் போத்தலும் இறுகும்.

இனி வர்ணம். இங்கேதான் வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் நேரக் கணக்கு நமக்குப் பொருந்தாது. லாக்கரோ ஸ்பிரிட் கலந்த அக்ரிலிக்கோ தெளித்தவுடன் கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து வர்ணம் பால் நிறத்தில் பூக்கிறது. மழை பெய்யும் மாலையில் தெளித்தால் இது தப்பாது. ஜனவரி முதல் மார்ச் வரை சிக்கல் குறைவு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்கு முன்பாக, வெயில் ஏறிய முற்பகலில் தெளித்து முடியுங்கள். மெதுவாக ஆவியாகும் ரிடாடர் தின்னர் ஒரு பங்கு சேர்த்தாலும் உதவும். பூத்துவிட்ட லாக்கருக்கு மேல், உலர்ந்த நாளில் ரிடாடர் கலந்த தின்னரை மட்டும் மிக மெல்லிதாகத் தெளித்தால் பெரும்பாலும் நிறம் மீளும். வாகனங்களுக்குப் பாவிக்கும் என்.சி. தின்னரைத் தூரிகையால் பிளாஸ்டிக்கில் பூச வேண்டாம், மேற்பரப்பு கரைந்து வரிகள் அழியும்.

எயார்பிரஷ் வாங்கினால் 0.3 மி.மீ. முனை, காற்றுத் தாங்கியுள்ள சிறிய கொம்பிரசர், கட்டாயமாக நீர் பிடிக்கும் வடிகட்டி. தாங்கியில் தேங்கும் நீரை ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் திறந்து விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை சாம்பல் நடுவே நீர்த்துளி விழும். அழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., தூரம் 5 முதல் 8 செ.மீ. வர்ணம் ஒன்றுக்குத் தின்னர் ஒன்று என்று தொடங்கிப் பார்க்கலாம். ஒரே தடவையில் மூட முயலாமல் மூன்று மெல்லிய பூச்சு. முகமூடி அணிந்து, யன்னல் திறந்து வையுங்கள். சமையலறையில், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் தெளிக்கவே கூடாது.

வரிசை இப்படி: தளத்துக்கு மர நிறம் முதலில், முழுக்க உலர்ந்தபின் மாஸ்கிங் டேப் ஒட்டி உடலுக்குச் சாம்பல். மேற்கட்டுமானம், புகைபோக்கி, பீரங்கிக் கோபுரம் எல்லாம் தனித்தனியாகக் குச்சியில் குத்திச் சாம்பல் தெளித்து, பின்பு தளத்தில் ஒட்ட வேண்டும். ராயல் நேவியின் 507ஏ கடும் சாம்பல், 507சி வெளிர் சாம்பல். உங்கள் திகதிக்கு எது என்று படம் பார்த்துத் தீர்மானியுங்கள். கடும் நிறங்களில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேருங்கள். சிறிய மாதிரியில் கடும் சாம்பல் கறுப்பாகவே தெரியும். புகைபோக்கி வாய்க்கும் சுத்தக் கறுப்பைத் தவிர்த்துக் கரிச் சாம்பல் பூசுங்கள்.

நிழல் கொடுக்க எண்ணெய் வர்ணம் ஒரு துளி, டேர்பன்டைன் பத்துத் துளிக்கு மேல். அடியில் அக்ரிலிக் கிளொஸ் வானிஷ் பூசி, இரண்டு நாள் காயவிட்ட பின்னரே இதைத் தொடுங்கள். காயாத பூச்சில் டேர்பன்டைன் கீழே இறங்கி சாம்பலையும் தூக்கிவிடும். துருவைக் குறைத்துக்கொள்ளுங்கள். நங்கூரச் சங்கிலி ஓடும் துளையில் ஒரு கீற்றுப் போதும். போர்க்காலத்திலும் மாலுமிகள் வர்ணம் பூசிப் பராமரித்த கப்பல் அது.

கயிறு கட்டும் முன் கப்பலை மரக்கட்டையிலிருந்து கழற்றி, கடல் போலச் செய்யும் பலகையில் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள். பலகைக்கு ஒட்டுப்பலகை எடுங்கள். தடித்த கடதாசியோ காட்போட்டோ இங்குள்ள ஈரத்தில் மாதக்கணக்கில் வளைந்து கப்பலின் நடுப்பகுதியை ஒட்டிலிருந்து பிரிக்கும். டிஷ்யூ தாளை வெள்ளைப் பசை நீரில் நனைத்து, தூரிகை முனையால் சுருக்கினால் அலை வந்துவிடும். ஆழக்கடல் என்பதால் கரும் நீலம், மேலே கிளொஸ் வானிஷ் மூன்று பூச்சு, அணியத்தில் பிளவுபடும் நுரைக்கு மட்டும் வெள்ளை.

கயிற்றுக்குத் தலைமயிர் போதுமே என்பார்கள். மயிர் 0.07 மி.மீ. தடிப்பு; அளவில் அது 5 செ.மீ. வடம். கிட் சட்டகத் துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு இரண்டு செ.மீ. மேலே உருட்டிப் பிடியுங்கள். மினுங்கி வளையத் தொடங்கியதும் சுடரை விட்டு விலக்கி இழுங்கள். வேகமாக இழுத்தால் 0.03 மி.மீ. வரை மெல்லிதாகும், மெதுவாக இழுத்தால் தடிக்கும். வெட்டிய இழையின் இரு முனையையும் பசைத் துளியில் வைத்து, இறுகியபின், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொளுத்திய ஊதுபத்தியை இழைக்கு அரை செ.மீ. கீழே ஒருதரம் நகர்த்துங்கள். தொய்ந்து நின்ற இழை கண்முன்னே இறுகி நேராகும். இன்னும் கிட்டே கொண்டுபோனால் அறுந்துவிடும். பின்பக்கக் கொடிமரத்திலிருந்து முன்பக்கம் நோக்கி வேலை செய்தால் கை ஏற்கெனவே கட்டிய இழையில் படாது.

காட்சிப் பெட்டியைத் தள்ளிப்போடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று வர்ணம் படாத பித்தளையைச் சில மாதங்களில் பச்சையாக்கும். உட்பக்கம் 34 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், கொடிமர உச்சிக்கு மேல் 2 செ.மீ. இடைவெளி என்று அக்ரிலிக் வெட்டுவோரிடம் கொடுத்தால் செய்து தருவார்கள். கடல் பலகைக்குக் கீழே ஒரு சிறிய இழுப்பறை விட்டு அதில் சிலிக்கா ஜெல் பை வையுங்கள். பெட்டியைத் திறக்காமலே மாற்றலாம்.