கல்லூரியில் ஆங்கிலத்தைக் கூடுதல் மொழியாகப் படிக்கிறேன். இலக்கணம் தெரிந்தும் விரிவுரை புரிவதில்லை, கட்டுரை தேறுவதில்லை. எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவருக்குக் காலங்கள் தெரியும், செயப்பாட்டுவினை தெரியும், பள்ளியில் மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருக்கிறது. கல்லூரிக்கு வந்த பிறகு விரிவுரை காதில் விழுந்தும் புரியவில்லை, எழுதிக் கொடுத்த கட்டுரைகள் திருத்தக் குறிகளோடு திரும்பி வருகின்றன. மறுபடியும் இலக்கணப் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். குறை பெரும்பாலும் இலக்கண அறிவில் இல்லை. உங்கள் பாடத்துக்கு வேண்டிய சொற்கள், காதுப் பழக்கம், பத்தி கட்டும் முறை ஆகிய மூன்றும் பள்ளியில் கற்றுத்தரப்படாதவை. அவற்றை உங்கள் துறைப் பாடநூலையும் விரிவுரையையும் வைத்தே கற்க வேண்டும். தனியாக 'இங்கிலீஷ்' என்று ஒரு பாடம் படித்துவிட்டுப் பிறகு துறைக்குப் போகலாம் என்று காத்திருந்தால் இரண்டுமே தள்ளிப்போகும்.

முதலில் நேரக் கணக்கு. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் நிலைகளைத்தான் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2) பல கல்லூரிகள் அளவுகோலாக வைத்திருக்கின்றன. ஆங்கில வழியில் பட்டப்படிப்பைச் சமாளிக்க பி2-ஆவது வேண்டும். அடிப்படையிலிருந்து தொடங்கும் ஒருவர் பி1-ஐ எட்ட 350 முதல் 400 மணி நேரமும், பி2-ஐ எட்ட 500 முதல் 600 மணி நேரமும் ஆசிரியர் துணையோடு படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. அதாவது ஒரு நிலை ஏற சுமார் 200 மணி நேரம். வாரம் 4 மணி நேரம் வீதம் 15 வாரம் நடக்கும் ஒரு செமஸ்டரில் கிடைப்பது 60 மணி நேரம்தான். இரண்டு செமஸ்டர் முடிந்தாலும் 80 மணி நேரம் பாக்கி நிற்கும். அதை 30 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 2 மணி 40 நிமிடம், அதாவது வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம். வகுப்பை மட்டும் நம்பியிருப்பவர்கள் ஒரு வருடம் கழித்தும் அதே இடத்தில் நிற்பது இதனால்தான். திறமைக் குறைவு என்று நினைத்து மனம் விட்டுவிடாதீர்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கக் கல்லூரி நடத்தும் நிலைத்தேர்வுக்கு மனப்பாடம் செய்து போகாதீர்கள். உண்மையான நிலைக்கு மேலான வகுப்பில் போய் உட்கார்ந்தால் அங்கே எல்லாமே கடந்து போய்விடும். வகுப்பு பொருந்தவில்லை என்று தெரிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆசிரியரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மாற்றுவது கடினம்.

அடுத்து சொற்கள். துறைச் சொற்களைப் பேராசிரியரே விளக்கிவிடுவார். 'ஆஸ்மோசிஸ்' என்றால் என்ன என்று பலகையில் எழுதுவார். 'அஸ்யூம்', 'டெரைவ்', 'கான்ஸ்டிட்யூட்', 'சப்சீக்வென்ட்' போன்றவற்றை யாரும் விளக்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும் என்ற எண்ணத்தில் தாண்டிப் போவார்கள். மாணவர் தடுக்கி விழும் இடம் இதுதான். இத்தகைய சொற்களை ஆவரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2000-இல் ஒரு பட்டியலாக வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறைகளின் நூல்களிலிருந்து எடுத்த 570 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). கல்விசார் எழுத்தில் வரும் சொற்களில் சுமார் 10 விழுக்காடு இவைதான். கதைகளில் இவை 1.4 விழுக்காடு மட்டுமே வருகின்றன. ஆங்கிலக் கதைகள் நிறையப் படித்தவர்களும் பாடநூலில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளுக்கு 10, வாரத்தில் ஐந்து நாள் என்று எடுத்தால் 12 வாரத்தில் முடிந்துவிடும். நாளுக்கு 30 என்று தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்தில் பழைய சொற்களைத் திருப்பிப் பார்க்கவே நேரமில்லாமல் கைவிடுகிறார்கள்.

சொல்லையும் தமிழ்ப் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்வதால் பெரிய பலனில்லை. சொல்லுக்கு ஒரு சிறு அட்டை வைத்துக்கொண்டு, அதன் முன்பக்கம் உங்கள் பாடநூலில் அந்தச் சொல் வந்த வாக்கியத்தை எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்பக்கம் சொல்லை எழுதுங்கள், கூடவே அது எந்த வினையோடு வரும் என்பதையும் எழுதுங்கள். 'ரிசர்ச்' என்றால் 'கண்டக்ட்', 'கன்க்லூஷன்' என்றால் 'டிரா'. தமிழில் ஆய்வு, முயற்சி, ஏற்பாடு எல்லாவற்றுக்கும் 'செய்' போதும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் 'டூ' அல்லது 'மேக்' போட்டுவிடுகிறோம். அட்டையை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்ற இடைவெளியில் திருப்பிப் பாருங்கள். 'ஆங்கி' போன்ற செயலிகள் இந்த இடைவெளியைத் தாமே கணக்கிட்டுத் தரும்.

எந்த நூலை எப்படிப் படிப்பது என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. 300 சொற்கள் கொண்ட பக்கத்தில் தெரியாத சொல் ஆறுக்குள் இருந்தால் அகராதியைத் தொடாமல் வேகமாகப் படிக்கலாம், ஊகித்தே பொருள் பிடிபடும். பதினைந்தைத் தாண்டினால் அது பென்சிலோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்கம். அந்த நேரத்தில் முழு அத்தியாயத்தையும் முடிக்க முயலாதீர்கள். முன்னுரை, முடிவுரை, ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு, தேவையான இரண்டு பக்கத்தை மட்டும் ஆழமாகப் படியுங்கள்.

விரிவுரை புரியாததற்குக் காரணம் வேகம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தமிழில் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய முழுதாக ஒலிக்கிறோம். ஆங்கிலம் அழுத்தம் விழும் அசையைத் தூக்கிவிட்டு மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. 'கேன்' என்பது வாக்கியத்துக்குள் 'க்ன்' ஆகிறது, 'ஆஃப்' வெறும் 'அவ்' ஆகிறது. கண்ணால் பார்த்தால் தெரியும் சொல்லைக் காது அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. உங்கள் துறை சார்ந்த, எழுத்துவடிவமும் கிடைக்கிற ஒரு காணொளியில் 30 நொடி மட்டும் எடுங்கள். சப்டைட்டில் இல்லாமல் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள். நான்கைந்து முறை கேட்கலாம். பிறகு எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டு, தவறிய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி போடுங்கள்: சொல்லே தெரியாதா, தெரிந்த சொல்லைக் காது பிடிக்கவில்லையா? முதல் வகை அட்டைக்குப் போகட்டும். இரண்டாம் வகை அதிகமென்றால் அதே 30 நொடியைப் பேசுபவரோடு சேர்ந்து, அவர் விழுங்கும் இடத்தில் விழுங்கி, உரக்கச் சொல்லிப் பழகுங்கள். ஒரு மணி நேரக் காணொளியை சப்டைட்டிலோடு பார்ப்பதைவிட இந்த 20 நிமிட உழைப்பு காதைத் தீட்டும். வேகத்தைக் குறைத்துக் கேட்பது பெரிதாக உதவாது, விழுங்கிய ஒலி நீளுமே தவிர முழுதாகாது.

வகுப்புக்கு முன் 15 நிமிடம் அத்தியாயத் தலைப்புகளையும் படங்களையும் பார்த்துவிட்டுப் போங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்த காதுக்குப் பாதி வேலை மிச்சம்.

எழுத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

தமிழில் 'நூலகத்துக்குப் போய், தரவுகளைத் திரட்டி, அட்டவணையாக்கி, முடிவுகளை ஒப்பிட்டோம்' என்று ஒரே முற்றுவினையில் நான்கு செயலைக் கோக்கலாம். வினையெச்சம் அந்த வசதியைத் தருகிறது. அதே ஓட்டத்தில் ஆங்கிலம் எழுதும்போது முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுவாயும் முற்றுவினையும் கொண்ட இரண்டு பகுதிகளைச் சேர்க்க ஓர் இணைப்புச்சொல் வேண்டும், இல்லையென்றால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு காற்புள்ளியிலும் நின்று பாருங்கள். அதன் இருபுறமும் தனித்து நிற்கும் வாக்கியம் இருக்கிறதா? இருந்தால் வெட்டுங்கள். இந்த ஒரு பழக்கமே திருத்தக் குறிகளை நிறையக் குறைக்கும். இதே வகையில் இன்னொன்று: 'இருந்தாலும்... ஆனால்' என்ற ஓட்டத்தில் 'ஆல்தோ' போட்ட வாக்கியத்திலேயே 'பட்'டும் போடுவது. ஒன்று போதும்.

'ஏ', 'தி' விஷயத்தில் எல்லா விதிகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது, ஏனென்றால் தமிழில் அதற்கு நேரான உறுப்பே இல்லை. ஒரே ஒரு விதியில் தொடங்குங்கள்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் அநேகமாக எப்போதும் தனியாக நிற்காது, முன்னால் 'ஏ', 'தி', 'மை', 'திஸ்' என ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். எண்ணக்கூடியதா இல்லையா என்பதை, மொழி கற்போருக்கென்று எழுதப்பட்ட ஆங்கில அகராதிகள் ஒவ்வொரு சொல்லுக்கும் குறித்திருக்கும். ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் பெரும்பாலும் குறிப்பதில்லை. 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'எவிடன்ஸ்' ஆகியவை பன்மை ஏற்காதவை என்பது அங்கேதான் தெரியவரும்.

பத்தியைப் பொறுத்தவரை, பீடிகை போட்டு மெல்ல முடிவுக்கு வருவது கல்விசார் ஆங்கிலத்தில் எடுபடாது. சொல்ல வந்த கருத்து முதல் வாக்கியத்தில், ஆதாரம் அடுத்து, அந்த ஆதாரம் கருத்தை எப்படித் தாங்குகிறது என்ற விளக்கம் அதற்கடுத்து. விளக்கம்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. மேற்கோளைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறோம்.

மூலநூல் வாக்கியத்தில் நாலு சொல்லை மாற்றிப் போடுவது 'பாராஃப்ரேஸ்' (சொந்தச் சொற்களில் எழுதுவது) ஆகாது, திருட்டாகவே எண்ணப்படும். படியுங்கள், நூலை மூடுங்கள், ஐந்தாறு குறிப்புச் சொற்களை எழுதுங்கள், அதிலிருந்து உங்கள் வாக்கியத்தைக் கட்டுங்கள், பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். உங்கள் சொல்லில் எழுதியிருந்தாலும் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மூலத்தைக் குறிப்பிட ஏபிஏ, எம்எல்ஏ என்று இரண்டு பரவலான முறைகள் உண்டு: ஏபிஏ முறையில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் வரும், எம்எல்ஏ முறையில் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும். எது வேண்டும் என்று துறையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திருத்தி வந்த தாளை மதிப்பெண் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் அதே கட்டுரையை முழுதாகத் திருத்தி எழுதுங்கள். ஒரு நோட்டில் உங்கள் பிழைகளை வகைப்படுத்தி, அதிகம் வரும் மூன்றை மட்டும் அடுத்த கட்டுரையில் வேட்டையாடுங்கள். பிழைதிருத்தும் மென்பொருளோ செயற்கை நுண்ணறிவோ பயன்படுத்தக் கல்லூரி விதி அனுமதித்தால், நீங்களே ஒருமுறை திருத்திய பிறகே அதனிடம் போங்கள், அது சொல்லும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் தெரிந்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். துறைச் சொல்லை அது 'அழகுபடுத்தி' பொருளையே மாற்றிவிடுவதும் உண்டு. தமிழில் யோசித்துத் திட்டமிடுவதில் தவறே இல்லை. தமிழில் முழுக் கட்டுரையையும் எழுதி மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் மட்டும் எழுத்துப் பயிற்சி உங்களுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுத வேண்டியிருந்தால் ஒரு குறிப்பு: எழுத்துத் தேர்வு 60 நிமிடம், முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொல், இரண்டாவதற்கு 250. இரண்டாவதற்கு இரு மடங்கு மதிப்பு. முதல் பகுதியை 20 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பேச்சு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் விட மனமில்லை. கருத்தரங்க வகுப்பில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது பேசிவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம் கூடும். அதற்கு ஒரு கேள்வியை முந்தின நாளே எழுதி வைத்திருங்கள். பேராசிரியரைத் தனியே பார்க்கும்போது 'எனக்கு ஆங்கிலம் வரவில்லை' என்று சொன்னால் அவரால் ஆறுதல்தான் சொல்ல முடியும். ஒரு பத்தியைக் கையில் கொண்டுபோய் 'இதில் என் கருத்து முதல் வாக்கியத்திலேயே தெரிகிறதா?' என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் பயனுள்ள பதிலோடு வெளியே வருவீர்கள்.