மூன்று பிள்ளைகள்தான் அந்தச் சரிவு

வணக்கம் அம்மா. மகள் படிக்கும் அரசு நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி 90 சதவீதத்திலிருந்து 75-க்கு இறங்கிவிட்டது, சேர்க்கையும் குறைகிறது, ஆறாம் வகுப்போடு டி.சி. வாங்கி நகரத்துப் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

எட்டாம் வகுப்பில் மொத்தமே 20 பேர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு 5 சதவீதம். போன வருடம் 18 பேர் தேறினார்கள், இந்த வருடம் 15 பேர். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மூன்று பிள்ளைகள். பரீட்சை அன்று யாருக்காவது காய்ச்சல் வந்தாலே போதும், இந்தக் கணக்கு ஆடிவிடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநில மதிப்பெண்களை அலசிய பொருளாதார ஆய்வாளர்கள் தாமஸ் கேனும் டக்ளஸ் ஸ்டைகரும் 2002-இல் எழுதியதும் இதைத்தான்: தரவரிசையின் உச்சியிலும் சிறிய பள்ளிகள் அதிகம், அடியிலும் அவையே அதிகம். மூன்று வருட முடிவுகளைக் கூட்டிப் பாருங்கள், ஓரளவு நம்பலாம்.

சேர்க்கை குறைவதை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். அப்புறம் ஒருவரே இரண்டு பாடம் எடுப்பார், இரண்டு வகுப்பை ஒரே அறையில் உட்கார வைப்பார்கள். தலைமையாசிரியரிடம் போய் "பள்ளி எப்படி சார்?" என்று கேட்காதீர்கள், "நல்லாத்தான் போகுது" என்பார். கணக்கு யார் எடுக்கிறார், எத்தனை வருடமாக, அந்த இடம் அடுத்த வருடமும் இருக்குமா என்று கேளுங்கள்.

இன்று சாயங்காலம் கணக்கு நோட்டைப் பிரித்துப் பின்னப் பாடத்தைப் பாருங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று போட்டிருக்கிறாளா? போடட்டும், பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் போடும். அதைச் சிவப்பு மையில் சுழித்து, கீழே அவளையே திரும்பப் போட வைத்திருக்கிறார்களா என்பதுதான் எனக்கு வேண்டியது. பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் பிடிபட்ட பிள்ளைகளே பின்னாளில் உயர்நிலைப்பள்ளிக் கணக்கில் நன்றாக வருகிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் ராபர்ட் சீக்லர் குழு 2012-இல் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளில் கண்டது. அவள் டாக்டரா இன்ஜினியரா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பின்னம் மனதில் நின்றுவிட்டால் இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.

பள்ளி மாற்றுவதும் சும்மா இல்லை. நியூயார்க்கில் ஆறிலோ ஏழிலோ தனி நடுநிலைப்பள்ளிக்கு மாறியவர்களின் மதிப்பெண், ஒரே பள்ளியில் எட்டு வரை படித்தவர்களோடு ஒப்பிடும்போது இறங்கியது என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே கூட்டமாக மாறினார்கள், உங்கள் மகளோ தனியாகப் போகப்போகிறாள். தினமும் பஸ்ஸில் போகும் நேரம் வேறு.

கணக்கு ஆசிரியர் இடம் காலியாகி, நிரப்பும் பேச்சே இல்லை என்றால், சரி, மாற்றுங்கள். அதுவும் ஆண்டு முடிந்த பிறகு. அதற்கு முன் ஒன்று: இரண்டு பக்கக் கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையே, கேட்டீர்களா?