விசா யார் கையில்?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இப்போது வாங்குவதைப்போல் இரண்டரை மடங்கு சம்பளத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறது. மூன்று வருடம் இருந்து நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்று திட்டம். மனைவிக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. போகலாமா, வேண்டாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்களுடைய நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். அந்த நாலு பக்கத்திலும் சம்பளம் வருகிறது. விசா என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. எந்த நாடு என்றும் எழுதவில்லை. அதை விட்டுவிட்டு நான் என்ன சொல்ல?

வேலை விசாவில் போகிறவருக்கு அங்கே தங்கும் உரிமையே அந்த வேலையோடு முடிச்சுப் போட்டது. வேலை போனால், அமெரிக்காவில் ஹெச்-1பி என்கிற வேலை விசாக்காரருக்கு அதிகபட்சம் 60 நாள். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்கிற வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாள்தான். அதற்குள் இன்னொரு முதலாளியைப் பிடிக்கவேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்டவேண்டும்.

அமெரிக்காவில் என் நண்பர் ஒருவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை பதினைந்து நிமிட வீடியோ காலில் வேலை போயிற்று. லேப்டாப்பை மூடியதும் எழுந்துபோய் சுவர்க் காலண்டரைத்தான் பார்த்தாராம். வீட்டு ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம். கார் கடன் மூன்று வருடம். மகளுக்குப் பள்ளித் தேர்வு 71-வது நாள்! 52-வது நாள் இன்னொரு கம்பெனி அவருக்காக விசா மனுப் போட்டது. சம்பளம் பழையதைவிடக் குறைவு; பேரம் பேசுகிற நிலையிலா இருந்தார் மனிதர்?

மனைவிக்கு இஷ்டமில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலைக்குப் போகிறவரா? ஜெர்மனியில் புளூ கார்டு என்கிற வேலை அனுமதி வாங்கியவரின் மனைவியோ கணவரோ தடையில்லாமல் வேலை பார்க்கலாம். அமெரிக்காவுக்கு, ஹெச்-1பி-காரரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் போனால் அப்படியில்லை. 2015 முதல் சிலருக்கு அனுமதி உண்டு என்றாலும், அந்த ஹெச்-1பி-காரர் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கும் நடைமுறை ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்கவேண்டும். அதுவரை, எவ்வளவு படித்திருந்தாலும், வீட்டில் உட்காரவேண்டியதுதான். உங்களுக்குப் பதவி உயர்வு, அவருக்குக் கட்டாய ஓய்வு. இஷ்டம் எங்கிருந்து வரும்?

இரண்டரை மடங்கு என்கிறீர்களே, அங்கத்திய வரியும் வாடகையும் போக எத்தனை மடங்கு என்று பார்த்தீர்களா? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களையும் படியுங்கள். இத்தனை மாதத்துக்குள் விலகினால் டிக்கெட் செலவு, சாமான் அனுப்பிய செலவு எல்லாவற்றையும் திருப்பிக் கட்டவேண்டும் என்கிற ஷரத்து பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் பதுங்கியிருக்கும்.

போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன் அந்த நிறுவனத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். நீங்களாக என்னை நீக்கினால் எங்கள் குடும்பம் ஊர் திரும்பும் செலவு யாருடையது? மருத்துவக் காப்பீடு அன்றைக்கே நின்றுவிடுமா? நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு எப்போது மனுப் போடுவீர்கள்? போனில் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். வருகிற பதிலை முதலில் உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், எனக்கு அப்புறம் எழுதலாம்.