திக்-ஸ்கின்ட்னா திட்டா, பாராட்டா?

பழைய வண்ணாரப்பேட்டையில இங்கிலீஷ் டியூஷன் எடுக்குறவன் நான், இந்த வாரம் எல்லாரும் கேட்டது ‘திக்-ஸ்கின்ட்’ பத்தி, வரிசையா சொல்றேன்.

கேள்வி: அண்ணே, மேனேஜர் என்ன ‘யூ ஆர் வெரி திக்-ஸ்கின்ட்’னாரு. தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன், சரிதானே?

பதில்: தோலு தடிச்சவன், யார் இன்னா பேசுனாலும் உள்ள போய் குத்தாதுன்னு அர்த்தம் தம்பி. இங்கிலீஷ்ல இது ரெண்டு பக்கமும் போவும். கஸ்டமர் கத்துறப்ப நீ நிதானமா பேசுனத பாத்து சொல்லியிருந்தா பாராட்டு, சொல்லிச் சொல்லியும் திருந்தலன்னு சொல்லியிருந்தா எருமமாட்டு மேல மழ பெஞ்ச கணக்கா நிக்குறன்னு அர்த்தம். எப்ப சொன்னாரு?

கேள்வி: மூணாவது நாளா லேட்டா போனப்ப.

பதில்: தேங்க்ஸ் வேற சொல்லிக்கீற, போ.

கேள்வி: அப்ப வெக்கங்கெட்டவன்னு சொல்றதும் இதுவும் ஒண்ணா சார்?

பதில்: இல்லம்மா. வெக்கங்கெட்டவன் தப்பு பண்ணிட்டு கூசாம இருக்குறவன், அதுக்கு ‘ஷேம்லெஸ்’. காசிமேட்டுல ஒரு அக்கா வஞ்சிரம் விக்கிறாங்க, போன ஞாயித்துக்கெழம ஒருத்தர் செவுள தூக்கிப் பாத்துட்டு ‘இன்னா ஐஸ் மீனா, இதுக்கு இந்த வெலையா’ன்னு பத்து பேரு முன்னாடி கேக்குறாரு, அக்கா தலையே தூக்கல, அடுத்த மீன செதில் தேச்சிக்கினே ‘வேணும்னா எடு நைனா’ன்றாங்க, கடைசில அவரே வாங்கினு போறாரு. அதான் திக்-ஸ்கின்ட். இதுல வெக்கப்பட இன்னா கீது?

கேள்வி: சிக்கன் கடை போர்டுல ‘ஸ்கின்ட்’னு போட்டா தோல் உரிச்சதுன்றாங்க, இங்க மட்டும் எப்டி தோல் இருக்குன்னு வருது?

பதில்: சூப்பர் கேள்வி! சிக்கன்ல அது வினைச்சொல், உரிச்சாச்சு. இங்க ‘ஸ்கின்’ன்ற பெயர்ச்சொல்லோட ‘இ, டி’ன்ற ரெண்டு எழுத்து ஒட்டிக்கினு, இன்ன மாதிரி தோல் உள்ளன்னு ஆவுது. ‘ப்ளூ-ஐட்’, ‘லெஃப்ட்-ஹேண்டட்’ எல்லாம் இதே கேஸ்தான். நடுவுல சின்ன கோடு போட மறக்காதீங்க, ‘ஸ்கின்னெட்’னு படிக்காதீங்க, ஸ்கின்ட்.

கேள்வி: திக்-ஹெட்டடும் இதே தானா?

பதில்: அது மரமண்ட. ரெண்டத்தையும் மாத்தி சொன்னா அடி வுழும்.

கேள்வி: யானைய வெச்சி வந்த வார்த்தையா அண்ணே?

பதில்: அப்டி சொல்ல முடியாது, ஆனா யானைத் தோலு சில எடத்துல 2.5 சென்டிமீட்டர் வரைக்கும் தடிமன், இருந்தும் ஈ ஒக்காந்தா அதுக்குத் தெரியும். மீன்கார அக்காவுக்கும் அப்டித்தான்னு நெனக்கிறேன், அந்தாளு போனப்புறம் கத்திய கொஞ்சம் வேகமாதான் போட்டாங்க.

கேள்வி: எலுமிச்சம்பழத்துக்கு சொல்லலாமா?

பதில்: தாராளமா. வாங்குறப்ப மட்டும் ‘தின்-ஸ்கின்ட்’டா, அதாவது தோலு மெல்லிசா இருக்குறதா பாத்து பொறுக்குங்க, சாறு அதுலதான் கீது.