ஃபெல்ட் கைவினையை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா? திண்டுக்கல் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் தங்கள் மகள் கம்பளி இழையை ஊசியால் குத்திக் குத்திக் குருவியும் காதணியும் செய்துகொண்டிருப்பதையும், செவிலியர் படிப்பு பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவதையும் எழுதி, “பொம்மை செய்து பிழைக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பொம்மையை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அந்த வேலையில் அவர் தேடிக்கொண்ட இழையறிவு ஜவுளித் துறையில் மதிப்புள்ளது என்பதால், ஃபெல்ட்டை, அதாவது கம்பளி இழைகளை நெய்யாமலே இறுக்கித் துணியாகவோ உருவமாகவோ ஆக்கும் இந்தக் கைவினையை, விடச் சொல்வதைவிட, அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜவுளி வடிவமைப்புப் படிப்புக்குள் நுழையச் சொல்வதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

தாங்கள் இதை விளையாட்டு வேலை என்று எண்ணுவதால், அதன் அடிப்படையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆட்டுக் கம்பளி இழையின் மேற்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் சேர்த்துத் தேய்த்து உருட்டும்போது இழைகள் ஒவ்வொன்றும் தன் வேர் முனையின் பக்கமாகவே நகர்ந்து, ஒன்றோடொன்று சிக்கி, மீண்டும் பிரிக்க முடியாதபடி இறுகிவிடுகின்றன. தறியும் இல்லை, நூலும் இல்லை. ஆனாலும் துணி உருவாகிவிடுகிறது. ஊசி முறையில் சோப்பு நீரின் வேலையை, பக்கவாட்டில் நுண்ணிய முட்கள் வெட்டப்பட்ட ஊசி செய்கிறது. அந்த ஊசியே தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான்: அத்தகைய ஊசிகளை ஆயிரக்கணக்கில் பலகையில் பொருத்திய இயந்திரங்களே வடிகட்டித் துணி, கார் தரைவிரிப்பு, சாலைக்கு அடியில் விரிக்கும் துணி போன்ற நெய்யாத் துணிகளைத் தயாரிக்கின்றன. மகளுடைய பாடப்பிரிவில் கணிதமும் இருக்கிறதா என்று தாங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால் ஜவுளித் தொழில்நுட்பப் பொறியியலும் அவருக்குத் திறந்த வழிதான்.

பருத்தி, பட்டு, தென்னை நார் ஆகியவற்றுக்கு இந்தச் செதில் இல்லாததால் அவை தாமாக ஃபெல்ட் ஆகா. மெல்லிய பட்டுத் துணியின்மேல் கம்பளியைப் பரப்பி, அதன் இழைகளைத் துணிக்குள் ஊடுருவச் செய்து சால்வை தயாரிக்கும் முறை மட்டும் உண்டு. நம் மேச்சேரி, கீழக்கரிசல் ஆடுகளின் உடலில் இருப்பதும் முடியே தவிரக் கம்பளி அன்று. ஆனால் தங்கள் மாவட்டத்திலேயே, கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் மெல்லிய கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகளை வளர்த்துவருகிறது. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு மகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கைவினைக் கடைகளில் வண்ண வண்ணமாகக் கிடைக்கும் ‘ஃபெல்ட் ஷீட்’ பெரும்பாலும் பாலியெஸ்டரே என்பதும், அதை வெட்டி ஒட்டுவதும் அவர் செய்வதும் ஒன்றல்ல என்பதும் அப்போது தங்களுக்கே விளங்கும்.

படிப்பைப் பொறுத்தவரை, ஃபெல்ட்டுக்கென்று தனிப் பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட் (NIFT) எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஜவுளி வடிவமைப்பு நான்காண்டுப் பட்டப்படிப்பாக உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். நிஃப்டின் எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களுக்கு, கொடுக்கப்படும் பொருள்களைக் கொண்டு குறித்த நேரத்துக்குள் ஓர் உருவத்தைச் செய்து காட்டும் தேர்வும் உண்டு. பயிற்சி மையங்களில் பணம் கட்டிப் பலர் பழகுகிற அந்த வேலை தங்கள் மகளுக்கு அன்றாடப் பழக்கம். இந்த இரண்டிலும் கட்டணம் பல லட்சம் ஆகும். அது சுமையாக இருந்தால், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் ஜவுளி வடிவமைப்புப் படிப்பை இரண்டாம் தரமாக எண்ணாமல் பரிசீலியுங்கள். பொதுத்தேர்வு மதிப்பெண் வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்; நிஃப்டுக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கும் காலம் பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். படித்து முடித்தவர்களைக் கரூரின் வீட்டு ஜவுளி ஏற்றுமதி நிறுவனங்களும் திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களும் வேலைக்கு எடுக்கின்றன.

சொந்தமாக விற்கும் ஆசையும் மகளுக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் நான் அவரிடம் கண்டிப்பாகப் பேசுவேன். ஆடையில் குத்திக்கொள்ளும் ஒரு புரோச்சுக்குக் கம்பளியும் கொக்கியும் சேர்ந்து 30 ரூபாய் என்றும், வேலை மூன்று மணி நேரம், மணிக்குக் கூலி 100 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், அடக்கவிலையே 330 ரூபாய் ஆகிறது. விற்றுத்தரும் கடை 40 சதவீதம் எடுத்துக்கொண்டால், 550 ரூபாய்க்கு விற்றால்தான் கூலியாவது தேறும். இந்தக் கணக்கைப் போடாமல் தோழியருக்கு 150 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு “நன்றாக விற்கிறது” என்று மகிழும் பல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விற்றது தம் தூக்கத்தைத்தான். ஃபெல்ட் பந்து, மாலை போன்ற எளிய பொருள்களில் காத்மாண்டுவின் பட்டறைகளோடு விலையில் போட்டியிடவும் முடியாது. அங்கே பல கைகள் சேர்ந்து ஏற்றுமதிக்கென்றே செய்கின்றன.

பழைய மரபுகளின் நிலையையும் அவர் அறிந்திருப்பது நல்லது. காஷ்மீரின் நம்தா என்னும் ஃபெல்ட் விரிப்பு, நெடுங்காலம் நலிந்து கிடந்த பின், அரசின் திறன் பயிற்சித் திட்டத்தால் மீண்டும் உயிர்பெற்று 2023இல் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. கிர்கிஸ்தானின் ஃபெல்ட் கம்பளக் கலையையோ யுனெஸ்கோ 2012இல் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நெடிய மரபு உள்ள இடங்களிலேயே தொழில் தேய்ந்திருக்கிறது என்றால், நம் வெப்பத்தில் கம்பளிக் காலணியையோ தொப்பியையோ நம்பி முதலிடுவது அறிவுடைமையாகாது. ஊட்டி, கொடைக்கானல் வரும் பயணிகளுக்கான சிறு அணிகலன்கள், பைகள், சூடான பாத்திரம் வைக்கும் விரிப்புகள் ஆகியவற்றோடு தொடங்கலாம். பூச்சி அரிக்காமல் பாதுகாக்கும் முறையை வாங்குபவருக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதும் அவசியம்.

அடுத்த மாதம் இருவரும் நேரில் வரும்போது மகளை ஒரு குறிப்பேடு கொண்டுவரச் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் சதுரமாகக் கம்பளியைப் பரப்பிச் சோப்பு நீரில் இறுக்கி, அது எவ்வளவாகச் சுருங்கியது, எத்தனை கிராம் பிடித்தது, எவ்வளவு நேரமானது என்று குறைந்தது பத்து மாதிரிகளுக்கு எழுதி, துண்டுகளையும் பக்கத்தில் தைத்திருக்க வேண்டும். தாங்கள் செவிலியர் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்து வாருங்கள். இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.